பூட்டாத கதவும் வெள்ளை வேனும்

1747 ஏப்ரல் மாதம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் கௌட்ஹர்ஸ்ட் என்ற மேட்டுக் கிராமத்துக்கு, ஹாக்ஹர்ஸ்ட் கும்பலின் தலைவன் தாமஸ் கிங்ஸ்மில் சொல்லியனுப்பினான்: இன்ன நாள் வருவேன், ஊரைக் கொளுத்துவேன், ஆளை விடமாட்டேன். ஊரார் போலீஸுக்குப் போகவில்லை. போவதற்குப் போலீஸ் என்று ஒன்றே அன்று கிடையாது. பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த வில்லியம் ஸ்டர்ட் என்ற உள்ளூர்க்காரர் ஆள் சேர்த்தார். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தார்கள். தேவாலய வளாகத்தில் பதுங்கிக் காத்திருந்தார்கள். சொன்ன சொல் தவறாமல் கிங்ஸ்மில் வந்தான். சண்டையில் அவன் ஆட்கள் மூவர் செத்தார்கள், மிச்சப்பேர் ஓடினார்கள். இரண்டு வருடம் கழித்து அவனை லண்டன் டைபர்னில் தூக்கிலிட்டு, உடலை கௌட்ஹர்ஸ்டுக்கே கொண்டுவந்து சங்கிலியில் தொங்கவிட்டார்கள்.

ஊர் வீரத்துக்குச் சான்றாக இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதன் மறுபாதிதான் முக்கியமாகப் படுகிறது. அந்தக் கும்பல் கொழுத்தது கள்ளத் தேயிலையில். கரையில் இறங்கிய மூட்டைகளை இரவோடிரவாகச் சுமந்து கூலி வாங்கியவர்களும், வரி கட்டாத அந்தத் தேயிலையை வாங்கிக் குடித்தவர்களும் கென்ட், சசெக்ஸ் கிராமத்துச் சனங்களே. துப்பாக்கியால் ஒரு கும்பல் ஒழிந்தது, அவ்வளவுதான். தேயிலைக் கடத்தல் என்ற தொழிலே படுத்தது 1784-இல், பிரதமர் வில்லியம் பிட் 119 சதவீதமாக இருந்த வரியை ஒரே வெட்டாக 12.5 சதவீதம் ஆக்கியபோது.

ஆங்கிலக் கிராமத்துப் பெரியவர்களைப் பேசவிட்டால் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “அந்தக் காலத்தில் நாங்கள் கதவைப் பூட்டியதே இல்லை.” எந்தக் காலத்தில் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் 1950-களில் வந்து நிற்கும். அதற்கு முந்திய இருநூறு வருடத்தை யாரும் விரும்பிச் சொல்வதில்லை.

அந்த இருநூறு வருடத்தின் முற்பாதியில் காவல் என்பது கான்ஸ்டபிள் என்று பெயர் சூட்டப்பட்ட ஓர் உள்ளூர்வாசி. நம்மூர்த் தலையாரி மாதிரி. ஆனால் சம்பளம் கிடையாது, வருடத்துக்கு ஒருவர் முறைவைத்து அந்தச் சுமையை ஏற்கவேண்டும். செருப்புத் தைப்பவரோ கொல்லரோ தன் வேலையை விட்டுவிட்டுத் திருடனைப் பிடிக்க ஓடவேண்டும். பிடித்தால் அவனை அடைக்க ஊர் நடுவே கல்லால் கட்டிய ஒரு சிறிய அறை. காசில் கேரியில் 1779-இல் கட்டிய வட்ட அறையும், வீட்லியில் 1834-இல் கட்டிய பிரமிடு வடிவக் கொட்டடியும் இன்றும் நிற்கின்றன. சன்னல் இல்லாததால் வில்ட்ஷையர் பக்கம் இவற்றைக் ‘குருட்டு வீடு’ என்பார்கள். ஓர் இரவு அடைபட்டுக் கிடந்தவர்களில் பாதிப்பேர் குடிகாரர்களாக இருந்திருப்பார்கள்.

திருட்டு கொடுத்தவர் வழக்கையும் தானே நடத்தவேண்டும், செலவும் அவருடையதே. அதனால் பண்ணைக்காரர்களும் கடைக்காரர்களும் சந்தா கட்டிச் சங்கம் வைத்தார்கள். குதிரை களவுபோனால் துண்டறிக்கை அடிப்பது, துப்புக் கொடுத்தவருக்குப் பரிசு தருவது, வழக்கறிஞருக்குக் கூலி கொடுப்பது எல்லாம் சங்கப் பணம். நூற்றுக்கணக்கில் இருந்த அந்தச் சங்கங்களில் சில இன்றும் உயிரோடு இருக்கின்றன. திருடனைத் தேடுவதில்லை, வருடம் ஒருமுறை கூடி விருந்து சாப்பிட்டுக் கலைகிறார்கள்.

சரி, அன்று திருடன் யார்? பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரன். பொது நிலங்களைச் சட்டம் போட்டு வேலியடைத்த பிறகு, மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த இடம் போய்விட்ட கூலிக்காரன். அவன் பானைக்கு ஒரு காட்டு முயல் பிடித்தால் அது வேட்டைத் திருட்டு. 1723-இன் கறுப்புச் சட்டம், முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டைக்குப் போவது உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு விதித்தது. பெரும்பகுதி நீங்கவே நூறு வருடம் ஆயிற்று. காட்டுக்குள் கம்பி தடுக்கினால் தானே வெடிக்கும் துப்பாக்கிகளைப் பிரபுக்கள் பொருத்திவைத்திருந்தார்கள். முயல் பிடிக்கப் போனவனையும் சுடும், பூப்பறிக்கப் போன குழந்தையையும் சுடும். 1827 வரை அது சட்டப்படி சரி. அடுத்த வருடமே இரவு வேட்டைத் தடைச் சட்டம் வந்தது: முதல் முறை பிடிபட்டால் மூன்று மாதக் கடுங்காவல், மூன்றாம் முறை ஏழு வருடம் நாடுகடத்தல். இந்த 1828 சட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1830-இல் அந்தக் கோபம் வெடித்தது. கோடை முடியும் நேரத்தில் கேன்டர்பரிக்கு அருகே லோயர் ஹார்ட்ஸில் ஒரு கதிரடிக்கும் இயந்திரத்தைக் கூலியாட்கள் உடைத்தார்கள். குளிர்காலத்தில் கிடைத்த ஒரே வேலையை அந்த இயந்திரம் பறித்திருந்தது. சில வாரங்களில் தென் இங்கிலாந்து முழுக்க வைக்கோல் போர்கள் எரிந்தன. ‘கேப்டன் ஸ்விங்’ என்று கையெழுத்திட்ட மிரட்டல் கடிதங்கள் பண்ணை வாசல்களில் கிடந்தன. அப்படி ஒரு கேப்டன் இல்லவே இல்லை. கலகக்காரர்கள் கையால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அரசு 19 பேரைத் தூக்கிலிட்டது, ஏறக்குறைய 500 பேரைக் கப்பலேற்றியது. நான்கு வருடம் கழித்து டார்செட்டின் டால்படில் கிராமத்தில் ஆறு பேர், ஒன்பது ஷில்லிங்காக இருந்த வாரக் கூலி ஏழாகி, ஆறாகப் போகிறது என்ற நிலையில் சங்கம் கட்டிச் சத்தியம் செய்தார்கள். கடற்படைக் கலகத்துக்காக எழுதிவைத்த ஒரு பழைய சட்டத்தைத் தேடியெடுத்து, ஏழு வருடம் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். 1836-இல் மன்னிப்பு வந்தது வேறு விஷயம். அந்தக் காலத்துக் கிராமத்தில் யாருக்குப் பாதுகாப்பு இருந்தது என்று கேட்டால், மாளிகையில் ஒரு பதிலும் குடிசையில் வேறொரு பதிலும் கிடைத்திருக்கும்.

சம்பளம் வாங்கும் போலீஸ், விருப்பமுள்ள மாவட்டங்களுக்கு 1839-இல் வந்தது. முதலில் அமைத்தது வில்ட்ஷையர். 1856 சட்டம் எல்லா மாவட்டத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது. கிராமத்தார் ஆரம்பத்தில் இவர்களை விரும்பவில்லை. பிரபுவின் பறவைகளுக்குக் காவலிருக்க நம் வரிப்பணமா என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

பெரியவர்கள் ஏங்குவது இதற்குப் பின்னால் வந்த காலத்துக்கு. சுமாராக முதல் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1960-கள் வரை. அந்தக் காலத்துச் சின்னம் ஊருக்குள் இருந்த போலீஸ் வீடு. மாவட்ட நிர்வாகம் கட்டிய செங்கல் வீடு. பக்கவாட்டில் ஒட்டினாற்போல ஒரு சின்ன அலுவலக அறை. அதில் மேசை, தொலைபேசி, பாரம் பாரமாகப் பதிவேடுகள். ஒரே ஒரு கான்ஸ்டபிள், ஒரு சைக்கிள், சுற்றிலும் நாலைந்து கிராமம். குறித்த நேரத்தில் குறித்த தொலைபேசிக் கூண்டருகே அவர் நிற்கவேண்டும். மேலதிகாரி அங்கே கூப்பிடுவார், அல்லது நேரில் வந்து எட்டிப்பார்ப்பார். வேலையில் திருடன் பிடிப்பது கொஞ்சம்தான். பன்றியைச் சந்தைக்கு ஓட்ட அனுமதிச் சீட்டு எழுதுவது, சொறி நோய்க்காக ஆடுகளை மருந்துத் தொட்டியில் முக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது, துப்பாக்கி உரிமங்களைச் சரிபார்ப்பது எல்லாம் அவர் தலையில். அவர் சுற்றப் போயிருக்கும்போது கதவைத் தட்டுபவர்களுக்குப் பதில் சொல்வதும் தொலைபேசியை எடுப்பதும் மனைவி. ஒரு சம்பளத்துக்கு இரண்டு பேர்.

ஆப்பிள் திருடிய பையனுக்குக் காதில் ஓர் அறை. சாயங்காலம் அப்பனிடம் ஒரு வார்த்தை. முடிந்தது. பதிவேட்டில் ஒரு வரி ஏறாது. அந்தக் காலத்துக் கிராமக் குற்றப் புள்ளிவிவரம் அவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு ஒழுக்கம் ஒரு காரணம் என்றால், மை மிச்சப்படுத்தியது இன்னொரு காரணம். பூட்டாத கதவுக்கும் ஒரு விளக்கம் உண்டு: உள்ளே தூக்கிக்கொண்டு போக என்ன இருந்தது? வீட்டில் யாராவது எப்போதும் இருந்தார்கள். தெருவில் புதுமுகம் நடந்தால் பத்து சன்னல் திரை விலகியது. திருடிய சாமானை ஏற்றிப்போகத் திருடனிடம் வண்டியும் இல்லை.

எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் என்பதற்கு இன்னொரு முகம் இருந்தது. 1945 பிப்ரவரி 14 அன்று வார்விக்‌ஷையரின் லோயர் க்விண்டனில், வேலி வெட்டும் கிழவர் சார்ல்ஸ் வால்ட்டனை, அவருடைய வெட்டரிவாளையும் வைக்கோல் முள்ளையும் கொண்டே யாரோ கொன்றுவிட்டார்கள். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து யார்டின் புகழ்பெற்ற துப்பறிவாளர் ராபர்ட் ஃபேபியன் வந்தார். ஊரிலிருந்து அவருக்குக் கிடைத்தது மௌனம். சூனியம், பில்லி என்று பத்திரிகைகள் பின்னாளில் நிறையக் கதை கட்டின, அதெல்லாம் விற்பனைக்கு. கொலையாளி யாரென்று இதுவரை நிரூபணமாகவில்லை. ஊருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அகதா கிறிஸ்டி தன் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளை லண்டனில் குடிவைக்காமல் ஒரு கிராமத்தில் குடிவைத்ததில் விவரம் இருக்கிறது.

1960-களில் இரண்டு சாமான்கள் வந்தன: கையடக்க வானொலி, ‘பாண்டா’ என்று சனங்கள் பெயர்வைத்த ரோந்துக் கார். கார் இருந்தால் ஒரு காவலர் பத்து ஊரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் காருக்குள் இருப்பவர் யாரென்று ஊருக்குத் தெரியாது, ஊரில் யார் யார் என்று அவருக்கும் தெரியாது. போலீஸ் வீடுகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. இன்று சொத்துத் தரகர்களின் விளம்பரங்களில் ‘பழைய போலீஸ் வீடு’ என்ற பெயரே விலையை ஏற்றுகிறது.

ஊரும் கூடவே மாறியது. பண்ணை வேலை இயந்திரத்துக்குப் போயிற்று. நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் வந்து குடியேறினார்கள். காலையில் கார் கிளம்பினால் தெருவே காலி. தபால் நிலையம், மதுக்கடை, பள்ளி என்று ஒவ்வொன்றாக மூடப்பட மூடப்பட, வழியில் நின்று பார்க்கும் கண்கள் குறைந்தன. 1982-இல் செஷையரின் மாலிங்டன் கிராமத்தில் பிரிட்டனின் முதல் ‘அக்கம்பக்கக் கண்காணிப்பு’ அமைப்பு தொடங்கியது. முன்பு சும்மா நடந்த காரியத்துக்கு, அதாவது அண்டைவீட்டைக் கவனிப்பதற்கு, கூட்டம் போட்டுப் பலகை மாட்டவேண்டி வந்தது அப்போதுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு, குற்றம் ஏறிக்கொண்டே போகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் மக்களை வீடுவீடாகக் கேட்டு எடுக்கும் குற்ற ஆய்வின்படி, 1995-இல் ஏறக்குறைய 2 கோடிக் குற்றங்கள். இணைய, தொலைபேசி மோசடிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இப்போது அரைக் கோடி அளவுக்கு இறங்கியிருக்கிறது. வீடு புகுந்து திருடுவதும் கார் திருட்டும் பெருமளவு விழுந்துவிட்டன; நல்ல பூட்டும் காருக்குள் வந்த மின்னணுத் தடுப்பும் போலீஸைவிட அதிகம் சாதித்தன என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் கிராமத்தின் எண்ணிக்கை நகரத்தைவிட எப்போதும் கீழே. ஆகவே, பூட்டாத கதவுக்கு ஏங்கும் அந்தப் பெரியவர் 1995-இல் இருந்ததைவிட இன்று திருட்டுப் போகாமல் இருக்க அதிக வாய்ப்புள்ளவர். சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்.

ஏன் நம்பமாட்டார் என்பதற்கு 1999 ஆகஸ்ட் 20 இரவைப் பார்க்கவேண்டும். நார்ஃபோக்கின் எம்னெத் ஹங்கேட்டில், பாழடைந்த பண்ணைவீட்டில் தனியாக வாழ்ந்த டோனி மார்ட்டின், உள்ளே புகுந்த இருவரை உரிமமில்லாத துப்பாக்கியால் சுட்டார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தான். பல முறை திருட்டுப் போயிற்று, போலீஸ் எதுவும் செய்யவில்லை என்றார் மார்ட்டின். 2000-இல் கொலைக் குற்றவாளி, ஆயுள் தண்டனை, 2001-இல் மேல்முறையீட்டில் கொலையாகாத மரணம், ஐந்து வருடம், 2003-இல் விடுதலை. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டைபோட்டது. ஓடுகிற பையனை முதுகில் சுட்டதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஆனால் அந்த வழக்கில் கிராமத்தார் கண்ட விஷயம் வேறு. திருட வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லை. நாட்டிங்காம்ஷையரின் நியூவார்க்கிலிருந்து கார் பிடித்து வந்தவர்கள். காவலும் தொலைவில். முன்பு திருடனும் கான்ஸ்டபிளும் ஒரே தெருவில் இருந்தார்கள். இப்போது இருவரும் வெளியூர்; அதில் வேகமாக வந்து சேர்பவர் திருடன். 2013-இல் வீட்டுக்காரர் தற்காப்புக்குச் சட்டம் கொஞ்சம் இடம் கூட்டிக்கொடுத்தது. தொலைவைக் குறைக்க எந்தச் சட்டமும் வரவில்லை; மாறாக, 2010-க்கும் 2018-க்கும் இடையே சிக்கன நடவடிக்கையில் சுமார் 20,000 காவலர்கள் குறைந்தார்கள்.

இன்றைய கிராமத் திருட்டு ஒரு வியாபாரம். டிராக்டரின் கூரைமேல் தட்டு மாதிரி ஒரு ஜி.பி.எஸ். கருவி இருக்கும். உழவு சால் கோணாமல் போக அது வழிகாட்டும். விலை பத்தாயிரம் பவுண்டுக்கு மேல். முதல் நாள் ட்ரோன் விட்டு நோட்டம் பார்ப்பதுண்டு. ராத்திரி வந்து, சில நிமிடங்களில் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கருவி வெளிநாட்டுக்குப் போய்விடும். அடுத்து, ஆட்டு மந்தையைப் பார்க்கப் போகும் நாற்சக்கர மோட்டார் வண்டி. விவசாயிகளுக்கான காப்பீட்டு நிறுவனம் என்.எஃப்.யூ. மியூச்சுவல், கிராமக் குற்றங்களின் செலவு 2023-இல் 5.28 கோடி பவுண்டு, 2024-இல் 4.41 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. நாற்சக்கர வண்டிகளை விற்கும்போதே திருட்டுத் தடுப்புக் கருவியும் அடையாளக் குறியும் இருக்கவேண்டும் என்று விதிக்க அரசுக்கு அதிகாரம் தந்து 2023-இல் ஒரு சட்டமே போட்டார்கள். இதற்கிடையில் பண்ணைக்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் வழியைக் கேட்டால் சிரிப்பு வரும்: பண்ணையைச் சுற்றி அகழி, மண்மேடு, காவலுக்கு வாத்துக் கூட்டம். சில இடங்களில் லாமாவும் உண்டு. இடைக்காலத்துக் கோட்டைக்காரன் பார்த்தால் பெருமைப்படுவான்.

தேவாலயமும் தப்பவில்லை. பெட்ஃபோர்ட்ஷையரின் ஹவ்டன் காங்க்வெஸ்ட் கிராமத்து ஆல் செயின்ட்ஸ் தேவாலயக் கூரையின் ஈயத்தகட்டை 2018-இல் டன் கணக்கில் உரித்துப் போனார்கள். ஈயத்தின் சந்தை விலை ஏறினால் தேவாலயக் கூரைகள் நனையத் தொடங்கும். பழைய உலோக வியாபாரிகள் ரொக்கம் கொடுக்கக்கூடாது என்ற தடை 2012 முடிவிலேயே வந்துவிட்டது. அதன் பின்னும் இது.

நினைவில் வைக்கச் சொன்ன 1828 சட்டம் இங்கே வருகிறது. காட்டு முயல் இன்றும் திருடப்படுகிறது, பானைக்காக இல்லை. அறுவடை முடிந்த வயல்களில் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளை ஏற்றி, வேட்டை நாய்களை அவிழ்த்துவிட்டு, எந்த நாய் முயலைத் திருப்பும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். பணம் ஆயிரக்கணக்கில், கைபேசியில் நேரலையாகப் பார்த்துப் பந்தயம் வைப்பவர்களும் உண்டு. தடுக்கப் போகும் விவசாயிக்கு அடியும் மிரட்டலும். லிங்கன்ஷையர் போலீஸ் இதற்கென்றே ‘ஆபரேஷன் கலிலியோ’ நடத்துகிறது. இவர்களைத் தண்டிக்க 2022-இல் நாடாளுமன்றம் எடுத்த ஆயுதங்களில் ஒன்று, பசித்த கூலிக்காரனை நாடுகடத்த எழுதிய அதே 1828 சட்டம். அதன் தண்டனையை ஆறு மாதச் சிறை, உச்சவரம்பில்லாத அபராதம் என்று உயர்த்தினார்கள்.

இதெல்லாம் செய்தியாகிறது, ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் ஓடுகிறது. தெரியாத வெள்ளை வேன் ஒன்று மெதுவாகப் போனால் நிமிடத்தில் அதன் படம் எண்ணோடு வந்துவிடும். பாதி நேரம் அது பார்சல்காரருடையது. 2011-இல் தொடங்கிய போலீஸ் இணையதளத்தில் யாரும் தன் ஊரின் குற்ற வரைபடத்தைப் பார்க்கலாம். போன வருடம் ஒன்று, இந்த வருடம் இரண்டு என்றால் ‘குற்றம் இருமடங்கு’ என்று ஊர் பேசும். சாலையோரம் முட்டையையும் காய்கறியையும் வைத்து, பக்கத்தில் காசு போட ஒரு தகர டப்பா வைக்கும் பழக்கம் அங்கே உண்டு. டப்பா காணாமல் போனால் நஷ்டம் பத்துப் பவுண்டுதான், ஆனால் அதன்மேல் கேமரா மாட்டிய நாளை ஊர் மறப்பதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் தெரிந்த, தொடர்புகொள்ளக்கூடிய காவலர் இருப்பார் என்று 2025-இல் அரசு வாக்களித்தது. கான்ஸ்டபிள் திரும்பி வருகிறார். ஆனால் குடியிருக்க இல்லை.

அந்த வாட்ஸ்அப் குழுவில் வராத குற்றம் ஒன்று உண்டு. தேசியக் கிராமக் குற்ற வலையமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கை, வீட்டுக்குள் நடக்கும் கொடுமை கிராமத்தில் நகரத்தைவிடச் சராசரியாக 25 சதவீதம் அதிகக் காலம் நீடிக்கிறது என்றது. அடக்கிவைக்க வசதி என்பதாலேயே மனைவியைக் கிராமத்துக்குக் குடிமாற்றும் ஆண்கள் இருக்கிறார்கள். மருத்துவர் அவன் நண்பர், பக்கத்து வீட்டார் அவனோடு கிரிக்கெட் ஆடுபவர், கார்ச் சாவி அவன் பையில். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் என்று நாம் புகழ்வது அவளுக்குச் சுவராகிவிடுகிறது. சைக்கிள் கான்ஸ்டபிள் காலத்திலும் இது நடந்தது. ‘குடும்ப விவகாரம்’ என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். 2015 முதல், அடிக்காமலே மிரட்டி அடக்கிவைப்பதும் குற்றம், ஐந்து வருடம்வரை சிறை. நேரில் புகார் கொடுக்க அவள் ஊரைவிட்டு வெளியே வரவேண்டும். பல ஊர்களில் பேருந்து வாரத்துக்கு ஒருநாள், அதுவும் சந்தை நாளன்று, போய்த் திரும்ப மூன்று மணி நேரம்.